காது கேளாத தம்பிக்கு மத்திய அரசு வேலை: கோட்டா என்பது தனி வாசல் அல்ல, தனி வரிசை

தம்பிக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது, வேலூரில் எடுத்த சான்றிதழில் 58 சதவீதம் என்று இருக்கிறது, வயது 26, பி.காம். முடித்திருக்கிறான், எம்பிசி, மூன்று வருடமாகப் பெங்களூர் கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறோம், தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், தெரிந்தவர் ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் ஊனமுற்றோர் கோட்டாவில் நேரடியாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி சான்றிதழைப் பற்றியதுதான். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு, மனசுக்குள் இருப்பது வேறு என்று தோன்றுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று பரீட்சை இல்லாத தனி வாசல் ஏதாவது இருக்கிறதா, அது நமக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதா? அதுதானே?

அப்படி ஒரு வாசல் இல்லை. எல்லோரும் எழுதும் அதே பரீட்சை, அதே கேள்வித்தாள். மதிப்பெண் வந்த பிறகு உங்கள் தம்பி தன்னைப் போன்ற செவித்திறன் குறைந்தவர்களோடு மட்டும் ஒரு வரிசையில் நிறுத்தப்படுவான். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசமில்லை. நான் பெங்களூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 31 வருடம் இருந்தவன். அதில் 12 வருடம் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில், அதாவது ஊழியர் நியமன விவகாரங்களைப் பார்க்கும் பிரிவில், எந்த இடம் யாருக்கு என்று காட்டும் இட ஒதுக்கீட்டு ரோஸ்டர் எழுதுவதும் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்காருவதுமாகப் போனது. எனக்கும் இடது காலில் போலியோ. டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் சட்டம் சொல்வது எது, மேசைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்தது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று லட்சத்தை முடித்துவிடுவோம். மத்திய அரசில் குமாஸ்தா மட்டத்து குரூப் சி பணிகளுக்கும், அதற்கு அடுத்த படியில் கெஜட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. கம்ப்யூட்டரில் பரீட்சை, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. யாரோ ஒருவர் 'பார்த்துச் சொல்லி' மதிப்பெண் போடும் கட்டம் இதில் எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட ஆட்கள் பத்துப் பேரிடம் வாங்கிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அதில் ஒருவன் சொந்தமாகப் படித்துத் தேறிவிட்டால் 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்பார்கள். மற்ற ஒன்பது பேரில் நாலு பேருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். இதுதான் அந்தத் தொழில்.

சான்றிதழ் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, முறைப்படி தரப்பட்ட ஊனச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்கிறது. வேலூரில் எடுத்ததற்காக யாரும் நிராகரிக்க முடியாது. பெங்களூருக்கு வந்துவிட்டோமே என்று விக்டோரியா, பௌரிங் போன்ற ஆஸ்பத்திரிகளில் புதிதாக ஒன்று எடுக்கப் போகாதீர்கள். கையில் இரண்டு சான்றிதழ், இரண்டு சதவீதம் என்று ஆனால்தான் சிக்கல். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வாங்கியிருந்தால் அதன் தளத்திலேயே முகவரியை மாற்றிக்கொள்ளலாம். 58 சதவீதத்துக்கு மஞ்சள் கோடு போட்ட அட்டை வந்திருக்கும். நாற்பதுக்குக் கீழே வெள்ளை, எண்பதும் அதற்கு மேலும் நீலம்.

ஆனால் அந்தச் சான்றிதழை இன்றைக்கே எடுத்து வைத்து ஒரு வரியைத் தேடுங்கள். நிலை மாற வாய்ப்பில்லை என்றிருக்கிறதா, இல்லை குறிப்பிட்ட வருடத்துக்குப் பிறகு மறுபரிசோதனை வேண்டும் என்று தேதி போட்டிருக்கிறதா? தேதி இருந்தால், அது முடிவதற்கு முன்னால் புதுப்பித்தாக வேண்டும். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது செல்லுபடியாகி, சரிபார்ப்புக்கு வரும்போது காலாவதியான சான்றிதழை நான் ஒன்றல்ல, பல பார்த்திருக்கிறேன்.

58 என்ற எண்ணையும் கொஞ்சம் புரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று நான்கு அலைவரிசைகளில் ஒவ்வொரு காதையும் சோதிப்பார்கள். பிறகு நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். அதாவது கணக்கு நல்ல காதின் பக்கமே சாய்கிறது. ஒரு காது முழுச் செவிடு, இன்னொன்று நன்றாகக் கேட்கும் என்றால் வருவது சுமார் 17 சதவீதம்தான். அவர்களுக்கு ஒதுக்கீடு இல்லை. ஒரு கண் மட்டும் தெரிகிறவருக்கும் இதே கதை, 30 சதவீதத்தில் நின்றுவிடும். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் வருத்தம் உண்டு. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு இரண்டு காதிலும் குறை என்பதால் 58 வந்திருக்கிறது. வேலை கிடைக்கும் கட்டத்தில் மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். அப்போது பெரும்பாலும் பெரா டெஸ்ட் எடுப்பார்கள். தலையில் மின்முனை ஒட்டிப் படுக்க வைத்து, சத்தத்துக்கு மூளை நரம்பு காட்டும் அசைவைப் பதிவு செய்வது. 'கேட்குது, கேட்கலை' என்று நாம் சொல்வதற்கே அதில் இடமில்லை. பழைய ஆடியோகிராம்களை எறிந்துவிடாமல் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த பரிசோதனையில் சதவீதம் கூடுமா குறையுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் இருக்கிறது, காலையில் ரயில் ஏறினால் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இனி கோட்டா எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பழைய 1995 சட்டத்தில் 3 சதவீதம், இப்போது 4. பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை கால் இயக்கத்துக்கு ஒன்று. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்காவது ஒன்று. அலுவலகத்தில் இதற்கு ரோஸ்டர் என்று 100 புள்ளி கொண்ட ஒரு பதிவேடு உண்டு, ஒரு புள்ளி என்பது ஒரு காலியிடம். அதில் 1, 26, 51, 76 என்ற நான்கு புள்ளிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு. 26 செவித்திறன் குறைந்தவர்களுடையது. அந்தப் பதிவேட்டில் எத்தனை முறை 26-ஐச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை உடனே வேறு யாருக்கும் கொடுத்துவிட முடியாது. அடுத்த ஆள்சேர்ப்பு வருடத்துக்குக் கொண்டு போக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் முதலில் மற்ற ஊனப் பிரிவுகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம், அதிலும் ஆள் இல்லையென்றால்தான் பொதுவில். அங்கங்கே 'சிறப்பு ஆள்சேர்ப்பு' என்று வருகிறதே, அது இப்படித் தேங்கிப்போன இடங்களை நிரப்பத்தான். அதற்கும் தேர்வு முறை உண்டு.

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். எம்பிசிக்காரன் ஓபிசி கோட்டாவில் கேட்பதா, ஊனமுற்றோர் கோட்டாவில் கேட்பதா? இரண்டையும் கேட்க வேண்டும். சாதி ஒதுக்கீடு மேலிருந்து கீழாகப் போகும் கோடு என்றால், இது குறுக்கே போகும் கோடு. செவித்திறன் இடத்தில் உங்கள் தம்பி தேறினால், அவன் ஓபிசி என்பதால் அந்த இடம் ஓபிசி கணக்கில் எழுதப்படும். ஒன்றைக் கேட்டதால் இன்னொன்று போகாது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வயதுச் சலுகை போன்ற எந்தத் தளர்வும் வாங்காமல் மற்றவர்களோடு சமமாக மதிப்பெண் எடுத்துத் தேறிவிட்டால், ஒதுக்கப்பட்ட இடத்தில் அவனைக் கணக்கு வைக்கக் கூடாது. அந்த இடம் அடுத்த செவித்திறன் குறைந்தவருக்குப் போகும். வேலை அறிவிக்கையில் செவித்திறன் கட்டத்தில் பூஜ்யம் என்றிருந்தாலும், அந்தப் பணி அவர்களுக்கு ஏற்றது என்று அடையாளம் காணப்பட்டிருந்தால் பொது இடத்துக்குப் போட்டியிடும் உரிமை அவனுக்கு உண்டு. 'நமக்கு சீட் இல்லையே' என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

என் அனுபவத்தில், இந்தக் கோட்டாவில் வேலையை இழப்பவர்களில் கணிசமானவர்கள் பரீட்சை ஹாலில் இழப்பதில்லை, காகிதத்தில் இழக்கிறார்கள். ஒரு பையன். ஒரு பக்கத்துக் காதில் மெஷின், அப்பா கூட வந்திருந்தார், கையில் ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து ஊனச் சான்றிதழை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் விண்ணப்பத்தின் பிரதியைப் புரட்டினேன். மாற்றுத்திறனாளியா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. நெட் சென்டரில் நிரப்பியவர், 'ஓபிசி போட்டாச்சு, இதையும் போட்டா அது போயிடும்' என்று சொன்னாராம். பையன் எடுத்த மதிப்பெண் செவித்திறன் கட் ஆஃபை விட நன்றாகவே அதிகம், ஆனால் ஓபிசி கட் ஆஃபை எட்டவில்லை. அவன் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவன் ஏன் வந்தான் என்றால், நேரில் சொன்னால் திருத்துவார்கள் என்று நம்பித்தான். விண்ணப்பத்தில் எழுதாததை மேசையில் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை. அப்பா இரண்டு முறை 'சார், காதைப் பாருங்க சார்' என்றார். பார்த்தேன். வேறென்ன செய்ய?

எனக்கே நடந்திருக்கிறது. 1988-ல் ஒரு அலுவலகத்தில் டைப்பிங் தேர்வில் தேறியிருந்தேன். என் சான்றிதழில் 'இடது கால் போலியோவால் பாதிப்பு' என்ற ஒரே வரி, சதவீதம் எழுதவில்லை. நொண்டி நொண்டி மாடியேறி வந்தவனைப் பார்த்துக்கொண்டே 'எத்தனை சதவீதம் என்று எப்படித் தெரியும்' என்று திருப்பி அனுப்பினார்கள். வேலைக்குச் சேர மேலும் மூன்று வருடம் ஆயிற்று.

அதனால் விண்ணப்பத்தை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். மத்திய அரசுப் பணிகளுக்குப் பரீட்சை நடத்தும் எஸ்எஸ்சியில் இப்போது ஒருமுறைப் பதிவு முறை. அதில் தவறாகப் போனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் அதே தவறு தொடரும். ஊன வகை என்ற இடத்தில் செவித்திறன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஓஎச்' என்பது கை கால் ஊனம், 'எச்எச்' என்பது செவி. ஒரே ஒரு எழுத்து மாறி வேலை போனவர்கள் உண்டு. கடைசித் தேதி முடிந்ததும் சில நாள் திருத்தம் செய்ய வாய்ப்புத் தருகிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. தவறு தெரிந்தால் காசு பார்க்காமல் திருத்திவிடுங்கள். எஸ்எஸ்சியில் விண்ணப்பக் கட்டணம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடையாது.

இன்னொரு தொல்லை, நம் ஊர்ப் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'முருகன் கே', ஆதாரில் 'கே முருகன்', யுடிஐடியில் அப்பா பெயரை முழுதாக நீட்டி 'முருகன் கண்ணன்' என்று மூன்று விதமாக இருக்கும். பெங்களூரில் எந்தப் படிவத்திலும் 'சர் நேம்' என்று ஒரு கட்டம் வேறு. நமக்கு ஏது சர் நேம்? பத்தாம் வகுப்பில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்துங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டின் எம்பிசி சான்றிதழை மட்டும் நீட்டினால் மத்திய அரசில் போதாது. மத்திய அரசுக்கான ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் (வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சொந்த ஊர்த் தாசில்தாரிடமே, இ-சேவை வழியாக வாங்க வேண்டும். கர்நாடகத்துக்குக் குடிவந்தவர்களுக்கு இங்கே மாநில அரசின் சாதி ஒதுக்கீடு கிடைக்காது. மத்திய அரசுக்கோ தமிழ்நாட்டுச் சான்றிதழே சரி.

எந்தப் பரீட்சை என்பது இனி என் சொந்தக் கருத்து, சட்டமில்லை. பி.காம். படித்தவனுக்கு எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் பரீட்சை நல்ல பொருத்தம். ஏஜி ஆபீஸில் (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகம்) ஆடிட்டர், அக்கவுண்டன்ட், வருமான வரித் துறையில் டாக்ஸ் அசிஸ்டென்ட் போன்ற பணிகள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவை. ஓயாமல் போன் எடுக்க வேண்டிய கவுன்டர் வேலையை விட இவை அவனுக்கு நிம்மதி. எந்தப் பணிக்கு எந்த ஊனம் ஏற்றது என்று 2021 ஜனவரி 4-ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கையில் 3,566 பணிகளுக்குப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஆள்சேர்ப்பு அறிவிக்கையிலும் பணிக்கு எதிரே குறியீடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து முன்னுரிமை கொடுக்க வேண்டும். சீருடைப் போர்ப்பணிகளுக்கு இந்த ஒதுக்கீடே பொருந்தாது. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓபிசியும் மாற்றுத்திறனாளியும் சேர்ந்தால் 13 வருடச் சலுகை. 27 என்று வரம்பு போட்ட பணிக்கு 40 வரை எழுதலாம்.

சிஜிஎல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். ஆங்கிலம் இடிக்கிறது என்றால், எஸ்எஸ்சியே நடத்தும் சிஎச்எஸ்எல் (பிளஸ் டூ தகுதி), எம்டிஎஸ் (பத்தாம் வகுப்புத் தகுதி) இரண்டையும் 2023 முதல் தமிழிலும் எழுதலாம். ரயில்வே பரீட்சையும் தமிழில் உண்டு. வங்கி கிளார்க் பணியில் ஒரு கண்ணி இருக்கிறது. எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில மொழி தெரிய வேண்டும். பெங்களூரில் இருக்கிறோமே என்று கர்நாடகம் என்று போட்டுவிட்டு, கடைசியில் கன்னடச் சோதனையில் விழுந்தவர்கள் அல்சூரிலேயே எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். தம்பி வேலூரில் தமிழ் படித்தவன்தானே, தமிழ்நாடு என்றே போடட்டும். ஓசூரில் வேலை கிடைத்தால் இங்கிருந்தே போய் வரலாம்!

பரீட்சை அன்றைக்கு இரண்டு விஷயம். எழுதுவதில் சிரமம் இல்லாத செவித்திறன் குறைந்தவருக்கு ஸ்க்ரைப், அதாவது பதிலை எழுதித் தரும் ஆள், வைத்துக்கொள்ள வழக்கமாக அனுமதி கிடைக்காது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பதையும் பல தேர்வு அமைப்புகள் ஸ்க்ரைப் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே தருகின்றன. அந்த வருட அறிவிக்கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதன்படி வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகட்டும். இரண்டாவது, காது மெஷின். வாசலில் சோதனை போடும் ஆளுக்கு அது எலக்ட்ரானிக் பொருள், அவ்வளவுதான். யுடிஐடி அசலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும் முன்பே மேற்பார்வையாளரிடம் காட்டிச் சொல்லிவிட வேண்டும். ஹாலில் அறிவிப்புகளை வாயால்தான் சொல்வார்கள். 'எனக்குக் காது கேட்காது, தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் அநியாயமாக நிராகரித்தால், முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ஒரு குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ரோஸ்டரின் நகலைக் கேட்டால், 26-ஆம் புள்ளியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு மனுவுக்கே சில கோப்புகள் நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையர், அப்புறம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதன் அமர்வு பெங்களூரிலேயே இருக்கிறது. அங்கே பொதுவாக ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், காத்திருந்து காத்திருந்து காலத்தைத் தவறவிடாதீர்கள். வழக்கு நிற்குமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வேலூர் போகும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், யுடிஐடி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஓபிசி சான்றிதழுக்கும் அந்தப் பயணத்திலேயே மனுக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழில் மறுபரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று மட்டும் இங்கே பதில் எழுதுங்கள், இருந்தால் எப்போது புதுப்பிப்பது என்று யோசித்துச் சொல்கிறேன்.